இல்லாத சத்திரக்காரன்

அன்புள்ள அக்கா,

டிசம்பர் 25 இயேசு பிறந்த நாளே இல்லை, ரோமர்களின் சூரியப் பண்டிகையைத் திருச்சபை தனதாக்கிக்கொண்டது என்று படித்தேன். ரோமர்கள் கும்பிட்ட மித்ரா என்ற தெய்வமும் அதே தேதியில் கன்னியின் வயிற்றில்தான் பிறந்தானாம். இயேசு பிறந்தபோது ராஜாவாக இருந்ததாகச் சொல்லும் ஏரோது செத்துப் பல வருடம் கழித்துத்தான், யோசேப்பையும் மரியாளையும் பெத்லகேமுக்கு வரவைத்த குடிமதிப்பே நடந்ததாம். இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லி, இந்த வருடம் வீட்டில் ஸ்டார் கட்டக் கூடாது என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டாரைப் பரணிலேயே விட்டுவிட்டார். நாலு நாளாக என்னோடு சரியாகப் பேசவும் இல்லை. உண்மையைச் சொன்னது தவறா?

அன்புள்ள தம்பி,

முதலில் மித்ராவை அனுப்பிவிடுவோம். ரோமச் சிற்பங்களில் அவன் பாறையிலிருந்து வளர்ந்த பையனாக, கையில் கத்தியோடு வெளியே வருகிறான். பாறையைக் கன்னி என்று சொல்ல உங்களுக்கு மனசிருந்தால் சொல்லிக்கொள்ளுங்கள். இந்தச் செய்தி உங்கள் போனுக்கு எப்படி வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் வருடா வருடம் வருகிறது.

தேதி விஷயத்தில் உங்கள் பக்கமும் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. ரோமில் 354-இல் தொகுத்த ஒரு நாட்காட்டி நூலில்தான் டிசம்பர் 25 கிறிஸ்து பிறப்பாக முதலில் தென்படுகிறது. அதிலுள்ள பட்டியல் 336-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பார்கள். அதே நூலில், அதே தேதியில், 'வெல்லப்படாதவன் பிறந்தநாள், 30 தேர்ப்பந்தயம்' என்றும் குறித்திருக்கிறது. அந்த வெல்லப்படாத சூரியனுக்குப் பேரரசன் ஔரேலியன் 274-இல் ரோமில் கோயில் கட்டியிருந்தான். ஆனால் யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பதை அந்த நூலை வைத்து மட்டும் சொல்ல முடியாது. இன்னொரு கணக்கும் உண்டு. இயேசு சிலுவையில் மரித்தது மார்ச் 25 என்று கி.பி. 200 வாக்கிலேயே தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதிவிட்டார். கருவானதும் அதே நாளில்தான் என்ற நம்பிக்கையைப் பிற்பாடு ஆயர் அகுஸ்தீன் பதிந்திருக்கிறார். ஒன்பது மாதம் கூட்டிப் பாருங்கள். கிழக்கே ஏப்ரல் 6 என்று வைத்தவர்களுக்கு ஜனவரி 6 வந்தது. அர்மீனியர்கள் இன்றைக்கும் அன்றுதான் கொண்டாடுகிறார்கள்.

குடிமதிப்பா? ஏரோது இறந்தது கி.மு. 4. லூக்கா சொல்லும் ரோம ஆளுநர் சிரேனியு யூதேயாவில் கணக்கெடுத்தது கி.பி. 6. ஒட்டவைக்க ஆயிரம் பேர் முயன்றார்கள், எனக்குத் தெரிந்து ஒட்டவில்லை. போகட்டும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஓர் ஆளைத்தான் நான் டிசம்பர் பிறந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். சத்திரக்காரன்.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் மரியாளையும் யோசேப்பையும் வாசலிலிருந்து விரட்டுகிறவன். மூன்றாம் வகுப்பில் நான்தான் அந்தச் சத்திரக்காரன். அந்த வேடத்துக்குப் பையன்கள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, நான் உயரம். கண்மையால் மீசை வரைந்து, அப்பாவின் வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டிவிட்டார்கள். கையில் அரிக்கேன் விளக்கு. ஒரே ஒரு வசனம்: "இடமில்லை, போங்கள்!" நன்றாகத்தான் சொன்னேன். மரியாளாக நின்ற என் சித்தி மகள் நிஜமாகவே அழுதுவிட்டாள். முன்வரிசைப் பெண்கள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். ஒரு வாரம் தெருவில் எனக்குச் சத்திரக்காரி என்றுதான் பெயர்.

என் பாட்டி மட்டும் வேறு மாதிரி கோபப்பட்டாள். "ஏளா, இத எவன் எழுதுனான்? சொந்த ஊருக்கு வந்த புள்ளத்தாச்சிய எந்த ஊருல வெளிய நிறுத்துவாக?" சண்டே ஸ்கூல் டீச்சர், வேதத்தில் இருக்கிறது பாட்டி என்றார். "இருந்தா இருக்கட்டும். நடந்திருக்காது" என்றாள் பாட்டி. அவளுக்கு எழுத்து தெரியாது.

வேதத்தில் இல்லை தம்பி. லூக்கா இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கதவு தட்டுவதில்லை, விரட்டுவதில்லை, சத்திரக்காரன் என்ற ஆளே கிடையாது. "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால், பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தினாள்." அவ்வளவுதான். அந்தச் சத்திரமும் சந்தேகம். கிரேக்கத்தில் லூக்கா போட்ட சொல் கட்டலூமா. கடைசி இராப்போஜனத்துக்கு இயேசு கேட்ட அறைக்கும் அவர் அதே சொல்லைத்தான் போடுகிறார். ஒரு வீட்டில் விருந்தாளிக்கு விடுகிற அறை. நல்ல சமாரியன் கதையில் அடிபட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்துக்கோ பண்டொகெயோன் என்று வேறு சொல். அதுதான் காசு கொடுத்துத் தங்கும் சத்திரம், அங்கேதான் சத்திரக்காரனும் இருக்கிறான். லூக்கா பிரித்து எழுதியதை நம் பழைய தமிழ் வேதாகமம் இரண்டு இடத்திலும் சத்திரம் என்றே ஆக்கிவிட்டது. ஆங்கிலத்திலும் இதே கதைதான். மீதியை நாடகம் எழுதியவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அப்படியானால் முன்னணை, அதாவது மாட்டுத் தீவனத் தொட்டி, எங்கிருந்து வந்தது? அந்த மலைப்பக்கத்து எளிய வீடுகளில் ஒரே கூடம். வாசல் பக்கம் தாழ்ந்த தரை, ராத்திரி ஆடு மாடுகளை அங்கே கட்டுவார்கள். உள்ளே உயர்ந்த திண்ணை போன்ற தளத்தில் குடும்பம் படுக்கும். இரண்டுக்கும் நடுவே, தளத்தின் விளிம்பில், தீவனத் தொட்டி. விருந்தாளி அறை நிறைந்துவிட்டது, வீட்டுக்காரர்கள் தாங்கள் படுக்கும் இடத்திலேயே அவளுக்கு ஒரு பாய் விரித்தார்கள், பிள்ளையைப் பக்கத்துத் தொட்டியில் வைக்கோல் மேல் போட்டார்கள். இப்படி வாசிக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லைதான், பெத்லகேமில் குகையைக் காட்டும் மரபும் இரண்டாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. ஆனால் யோசேப்பு தாவீதின் வம்சம், வந்தது தாவீதின் ஊர். நான் பாட்டி கட்சி. மத்தேயுவில், நட்சத்திரம் பார்த்துக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் நுழைவதும் "அந்த வீட்டுக்குள்"தான். அவர்கள் மூன்று பேர் என்றும் ராஜாக்கள் என்றும் அங்கே எழுதியிருக்கவில்லை, அது தனிச் சண்டை.

பாட்டி நான் கல்லூரியில் சேருமுன்னே போய்விட்டாள். கட்டலூமா பற்றி நான் படித்தது நாற்பது வயதுக்கு மேல். அந்தப் பக்கத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, உங்கள் விஷயம். உண்மையைச் சொன்னேன் என்கிறீர்கள். பாதி உண்மையை, சரிபார்க்காமல், வீட்டில் பதில் பேசத் தெரியாத மனிதரிடம் போய்ச் சொன்னீர்கள். போதகரிடம் கேட்டிருக்கலாமே? கேட்கவில்லை, அவர் திருப்பிக் கேட்பார். அதுவும் போக, உங்கள் வழக்கு தேதி மேல். ஸ்டார் என்ன செய்தது? நட்சத்திரமாவது மத்தேயுவில் இருக்கிறது, தேதிதான் எங்கேயும் இல்லை.

உங்கள் அப்பா ஏணியில் ஏறும் வயதில் இருக்கிறாரா தெரியவில்லை. நீங்களே ஏறி எடுங்கள். நாள் கடந்துவிட்டது என்று பார்க்க வேண்டாம், அர்மீனியர் கணக்கில் ஜனவரி 6 வரை நேரமிருக்கிறது. பரணில் கிடந்த வயர், எலி கடித்திருக்கும். பார்த்துச் செருகுங்கள்.

அன்புடன்,
அக்கா