வாசகர் கேள்வி பதில்: வாக்குரிமை வந்த வழி

கேள்வி: இலங்கைப் பெண்கள் எவ்விதப் போராட்டமும் இன்றி 1931இல் வாக்குரிமை பெற்றார்கள் என்றும், அவ்வாண்டே யாழ்ப்பாணத்துப் பெண்கள் திரண்டு சென்று வாக்களித்தார்கள் என்றும் மகளிர் தின விழாவொன்றில் பேசக் கேட்டேன். இவை சரியா? (வாசகி ஒருவர், சுன்னாகம்)

பதில்: இரண்டுமே பிழை. 1927 இறுதியில் கொழும்பில் தொடங்கப்பட்ட பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தினர் இலங்கையின் அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராயப் பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் முன் நேரில் தோன்றிச் சாட்சியமளித்தார்கள். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குக் கேட்கிறீர்களா என்று டொனமூர் பிரபு வினவியபோது, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று அச்சங்கத்தைச் சேர்ந்த ஆக்னஸ் டி சில்வா தயங்காமல் விடையளித்தார். (அத்தோட்டப் பெண்களிற் பெரும்பாலோர் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் அவ்வுரிமையை இழந்தமை தனியாக எழுதவேண்டிய துயரம்.) ஆணைக்குழு 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமையைச் சிபாரிசு செய்தது, சட்டமானபோது அது ஆண்களுக்கு இருந்ததுபோல 21 வயதாயிற்று. சிறை சென்று உண்ணாவிரதமிருந்த இங்கிலாந்துப் பெண்களின் கதையையே அளவுகோலாகக் கொண்டுவிட்டதால், மனுவும் வாதமும் நமக்குப் போராட்டமாகத் தோன்றுவதில்லை.

எதிர்ப்பும் இருந்தது. 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், சர்வசன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்தவர். கல்லூரியை நன்றியோடு நினைவுகூரும் நாம் இதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

இனி யாழ்ப்பாணம். புதிய அரசியலமைப்பில் முழுச் சுயராச்சியம் வழங்கப்படவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்க அழைப்பு விடுத்தமையால், 1931 தேர்தலில் யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. ஆகவே, வாக்குரிமை கைக்கு வந்தும் அதனைப் பயன்படுத்த நம் பெண்கள் 1934ஆம் ஆண்டு இடைத்தேர்தல்கள் வரை காத்திருக்க நேர்ந்தது. பகிஷ்கரிப்பைத் தியாகமென்று போற்றுவோரும் தவறென்று சாடுவோரும் இதனைக் கணக்கில் எடுத்து நான் கேட்டதில்லை.

குடாநாட்டின் ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்த அக்காலத்தில்தான், 1932இல், கொழும்பு வடக்கு இடைத்தேர்தலில் வென்று நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி அந்நாளைய சட்டசபையான அரசாங்க சபைக்குள் நுழைந்தார். 1936 பொதுத் தேர்தலிலும் அத்தொகுதி அவரையே தெரிவுசெய்தது. அவருடைய பெயர் நமது மகளிர் தின மேடைகளில் அரிதாகவே ஒலிப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.