மெத்தைக்குள் இறங்கிய மருந்து

கேள்வி: எங்கள் லைன் வீட்டில் மூட்டைப்பூச்சித் தொல்லை. கணவர் உரக்கடையில் பயிருக்கு அடிக்கும் மருந்தை வாங்கி, மண்ணெண்ணெயில் கலந்து மெத்தை, தலையணை எல்லாவற்றிலும் தெளித்துவிட்டார். மூன்று நாளாகியும் நெடி போகவில்லை. இரண்டு வயது மகள் இருமிக்கொண்டே இருக்கிறாள். அதில் படுக்கலாமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: படுக்கவே கூடாது, சகோதரி. முதலில் மகளை இன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மருந்து பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். லேபிளைப் பார்த்தால்தான் என்ன விஷம் என்று அவருக்குத் தெரியும். எச்சில் ஒழுகுவது, கண்ணில் நீர் வடிவது, கண்மணி கடுகாய்ச் சுருங்குவது, மூச்சுத் திணறுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

பயிர் மருந்து வெட்டவெளியில் அடிப்பதற்கானது. அங்கே வெயிலும் மழையும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். பஞ்சுக்குள் இறங்கிவிட்டால் வெயிலும் படாது, காற்றும் படாது. உங்கள் மகளோ அதில் முகம் புதைத்துத் தூங்குகிறாள், வியர்க்கிறாள், விரல் சூப்புகிறாள். மூச்சு, தோல், வாய் என்று மூன்று வழியிலும் விஷம் உள்ளே போகும். மண்ணெண்ணெய் ஆவியும் இருமலைக் கிளப்பும். தீப்பிடிக்கும் பயம் வேறு.

அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரை, ஏழு மாநிலங்களில் மட்டும், மூட்டைப்பூச்சி மருந்தால் 111 பேருக்கு உடம்பு கெட்டதாக அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2011-ல் தெரிவித்தது. அதில் இறந்துபோன 65 வயதுப் பெண், மருந்தைக் கையிலும் மார்பிலும் தலைமுடியிலும் பூசிக்கொண்டவர். ராத்தூக்கம் போனால் மனுஷருக்கு அப்படித்தான் தவிப்பு வரும். உங்கள் கணவரையும் திட்டாதீர்கள். ஆனால் மூட்டைப்பூச்சி கடித்தால் தடிப்பும் அரிப்பும்தான். அது மனிதருக்கு நோய் பரப்புவதாகத் தெரியவில்லை. மருந்து அப்படியில்லை.

மெத்தையையும் தலையணையையும் காப்பாற்றப் பார்க்காதீர்கள். கையுறை போட்டு, கிழித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, விஷயத்தைச் சொல்லித் துப்புரவுப் பணியாளரிடம் கொடுங்கள். முழுசாகத் தெருவில் வைத்தால் வேறொரு குழந்தை அதில் தூங்கும். எரிக்கவும் வேண்டாம்.

அப்புறம் கட்டில். கால் பொருந்தும் மூட்டுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுப்பொடி தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள், பக்கத்தில் எள்ளைவிடச் சிறிய வெள்ளை முட்டைகள் இருக்கும். வாசலில் போட்டு, கொதிக்கிற வெந்நீரைக் கெட்டில் மூக்கால் அந்த இடுக்குகளில் ஊற்றுங்கள். துணிகளை வெந்நீரில் அலசுங்கள். தப்பிய முட்டைகள் சுமார் பத்து நாளில் பொரிக்கும் என்பதால், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் செய்யுங்கள். சுவர் விரிசல்களைப் பூசி அடையுங்கள். லைன் வீடு என்பதால் பக்கத்து வீடுகளிலும் சொல்லி, எல்லோரும் ஒரே நாளில் செய்யுங்கள். இல்லாவிட்டால் சுவர் வழியே திரும்ப வந்துவிடும்.