நீலத் தொப்பிக்கு ஏன் வகுப்பு?

அன்புள்ள ஐயா,

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலூர்ப் பக்கம். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார். என் தங்கை மகனும் ஹவில்தார். அவனுடைய பட்டாலியன் ஐ.நா. அமைதிப் படையாகத் தெற்கு சூடானுக்குப் போகப்போகிறது. லீவில் வந்தவன், கிளம்புவதற்கு முன் தங்களுக்குத் தனியாகப் பயிற்சி நடப்பதாகச் சொன்னான். உள்ளூர்ப் பழக்கவழக்கம், பெண்களிடம் நடந்துகொள்ளும் முறை, செக்போஸ்டில் பேசும் முறை, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசும் முறை என்று ஏதேதோ வகுப்புகளாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பதினைந்து வருடம் சுடக் கற்றுக்கொடுத்துவிட்டு, சுடாமல் இருப்பது எப்படி என்று பவர்பாயிண்ட் போட்டுக் காட்டினால் ஆயிற்றா? நம் அமைதிப்படை இலங்கையில் செய்ததை என் தலைமுறை மறக்கவில்லை. கடைசியில் எல்லாம் ஐ.நா. தரும் டாலருக்காகத்தானே? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இன்னொன்று, தங்கை பயந்துபோயிருக்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

(பெயர் வேண்டாம். பையன் பணியில் இருக்கிறான்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

கேலியாக எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் கேள்வி நியாயமானது. பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுடாமல் இருக்கக் கற்றுத்தருகிறார்கள் என்ற நினைப்பிலிருந்தே தொடங்குகிறேன். நீலத் தொப்பிக்காரர்கள், அதாவது ஐ.நா. அமைதிப் படையினர், கண்டபடி சுட்டார்கள் என்பதைவிட, சுட வேண்டிய நேரத்தில் சும்மா நின்றார்கள் என்பதால்தான் ஐ.நா.வுக்கு அதிகம் கெட்ட பெயர். நான் சொல்லவில்லை, ஐ.நா.வின் சொந்தத் தணிக்கை அலுவலகமே 2014இல் கணக்குப் போட்டுச் சொன்னது. 2010 முதல் 2013 வரை பொதுமக்கள் தாக்கப்பட்டதாகப் பதிவான 507 சம்பவங்களில் படை உடனே எதையாவது செய்தது 101இல் மட்டுமே. மீதி இடங்களிலும் மக்களைக் காப்பாற்றப் பலத்தைப் பயன்படுத்தலாம் என்ற அதிகாரம் அவர்கள் கையில் இருந்தது.

உங்கள் மருமகன் போகிற நாட்டிலிருந்தே ஓர் உதாரணம். 2013 டிசம்பரில் தெற்கு சூடானில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது மக்கள் ஐ.நா. முகாம்களை நோக்கி ஓடினார்கள். முகாம்கள் கதவைத் திறந்துவிட்டன. அப்படி உள்ளே வந்தவர்கள் ஒரு கட்டத்தில் இரண்டு லட்சத்தைத் தொட்டார்கள். அவற்றில் ஒன்று மலக்கால் முகாம். 2016 பிப்ரவரியில் ஆயுதத்தோடு ஒரு கும்பல் வேலியை அறுத்துக்கொண்டு உள்ளே புகுந்து கூடாரங்களுக்குத் தீ வைத்தது. குறைந்தது 30 பேர் செத்தார்கள். அந்த நேரத்தில் ஒரு படைப்பிரிவு, சுடுவதற்கு எழுத்து மூலம் உத்தரவு வேண்டும் என்று கேட்டிருக்கிறது. சுடும் அதிகாரம் விதியிலேயே இருந்தது. கூடாரம் எரிந்துகொண்டிருக்கிறது, இவர்கள் காகிதம் கேட்கிறார்கள்.

இதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொந்த நாட்டில் உத்தரவுக்குப் பழகிய சிப்பாய் அவன். எதிரி யார் என்று மேலே இருப்பவர்கள் சொல்வார்கள், இவன் சுடுவான். ஐ.நா. பணியில் எதிரி என்று யாரையும் காட்டித் தருவதில்லை. காலையில் டீ கொடுத்த ஆளே சாயங்காலம் துப்பாக்கியோடு வரலாம். அவன் அந்த நாட்டு ராணுவச் சீருடையிலேயே வரலாம். அந்த அரசின் சம்மதத்தோடுதான் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். இப்போது என்ன செய்வது? இதற்கு பாதுகாப்பு கவுன்சிலின் தீர்மானத்தில் நீளமான ஒரு பதில் இருக்கிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வாசலில் நிற்பது தீர்மானம் எழுதிய தூதர் இல்லை, உங்கள் மருமகன் மாதிரி ஒரு ஹவில்தார்.

பயிற்சி அந்த ஹவில்தாருக்காகத்தான். எப்போது எச்சரிப்பது, எப்போது வானத்தில் சுடுவது, எப்போது ஆளைக் குறிவைப்பது என்ற விதிகளைச் சின்ன அட்டையில் அச்சடித்துச் சட்டைப் பையில் கொடுத்துவிடுகிறார்கள். அட்டையைப் படித்துக்காட்டுவது ஒரு மணி நேர வேலை. அதற்கு மேல் நடப்பதுதான் பயிற்சி. மைதானத்தில் மூங்கிலும் மணல் மூட்டையும் வைத்து ஒரு வாசல் போடுவார்கள். சக சிப்பாய்களே கைலியும் பழைய சட்டையும் போட்டுக்கொண்டு ஊர்க்காரர்களாக வருவார்கள். ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கத்துவாள். பின்னால் இரண்டு பேர், சட்டைக்குள் ஏதோ துருத்திக்கொண்டிருக்கும். அதற்கும் பின்னால் ஒரு ஜீப்பில் போதையில் ஒரு ‘கமாண்டர்’, அந்த இரண்டு பேரையும் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி மிரட்டுவான். ரேடியோவில் மேலதிகாரி கிடைக்கவில்லை. யாரை உள்ளே விடுவது, யாரிடம் முதலில் பேசுவது, எந்தச் சிப்பாயை எங்கே நிறுத்துவது என்று ஹவில்தார்தான் முடிவு செய்யவேண்டும். முடிந்ததும் உட்காரவைத்து, ஏன் அப்படிச் செய்தாய் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். மறுநாள் அதே வாசல், வேறு ஆட்கள், வேறு சிக்கல். நீங்கள் சிரித்த வகுப்புகளில் இதுவும் ஒன்று. மலக்காலில் இல்லாமல் போனது இந்தப் பழக்கம்தான்.

மொழிபெயர்ப்பாளர் வகுப்பும் லேசுப்பட்டதல்ல. புதிதாகப் போகிறவர்கள் எல்லோரும் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தே பேசுவார்கள், எதிரே இருக்கும் ஊர்ப் பெரியவரை மறந்துவிடுவார்கள். பெரியவருக்கு அது அவமரியாதை. அவர் முகத்தைப் பார், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசு, மொழிபெயர்ப்பாளர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று தெரிந்துகொள் என்று சொல்லித்தருகிறார்கள். கடைசி விஷயத்தில் உயிரே அடங்கியிருக்கிறது. டிங்காவும் நூயரும் தெற்கு சூடானில் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்ட இரண்டு இனத்தவர். டிங்கா ஊரில் நூயர் ஆளை வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ராணுவப் பார்வையாளர்களாகப் போகும் அதிகாரிகளின் பாடத்திட்டம் இன்னும் விசித்திரமானது. அவர்களிடம் ஆயுதமே கிடையாது. ஒரு லேண்ட் குரூசர், ஒரு ரேடியோ, ஒரு நோட்டுப் புத்தகம். குண்டு விழுந்த பள்ளத்தைப் பார்த்து அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது, வண்டியைப் பறிக்க வந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு உயிரோடு திரும்புவது, பிணைக்கைதியாகப் பிடிபட்டால் எப்படி நடந்துகொள்வது என்றெல்லாம் பயிற்சி உண்டு. கர்னலாக இருந்தாலும் ஓட்டுநர் தேர்வில் தேறாவிட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதெல்லாம் ஆரம்பத்திலிருந்தே இருந்த ஏற்பாடில்லை. 1956இல் சூயஸுக்கு முதல் பெரிய ஐ.நா. படை போனபோதும், 1961இல் காங்கோவுக்கு நம் படை போனபோதும் தனிப் பயிற்சி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. போன இடத்தில் கற்றுக்கொண்டார்கள். காங்கோவில் 1961 டிசம்பரில் சாலைத் தடையை உடைக்கப் போய் உயிர்விட்ட கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. ஐ.நா. பணியில் அந்த விருது பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அது பழைய ராணுவத் துணிச்சல், வகுப்பில் வந்ததல்ல.

மாற்றம் 1990களில் வந்தது. வெட்கப்பட்டு வந்தது என்றே சொல்லலாம். சோமாலியாவுக்குக் கனடா தன் பாராசூட் ரெஜிமெண்டை அனுப்பியது. நல்ல சண்டைக்காரர்கள். 1993 மார்ச்சில் முகாமுக்குள் நுழைந்த 16 வயதுச் சோமாலியப் பையனை அவர்களில் சிலர் சித்திரவதை செய்தே கொன்றார்கள். விசாரணையில் வந்த குறைகளில் பயிற்சியும் ஒன்று. சண்டைக்கு நன்றாகத் தயார் செய்திருந்தார்கள், மற்றதற்கு இல்லை. 1995இல் அந்த ரெஜிமெண்டையே கலைத்துவிட்டார்கள். இதற்கிடையே 1994இல் நோவா ஸ்கோஷியாவில் மூடப்பட்ட ராணுவத் தளம் ஒன்றில் அமைதிப் பணிக்கென்றே ஒரு பயிற்சி மையம் தொடங்கினார்கள். அதுபோன்ற மையங்கள் வேறு நாடுகளிலும் வந்தன. வேடிக்கை என்னவென்றால் கனடா தன் மையத்தை 2013இல் மூடிவிட்டது. இன்று பெரிய எண்ணிக்கையில் ஆள் அனுப்புவது நேபாளம், வங்கதேசம், ருவாண்டா, இந்தியா. அதனால் பள்ளிக்கூடங்களும் இந்தப் பக்கம் வந்துவிட்டன. டெல்லியில் 2000இல் தொடங்கிய மையம், வங்கதேசத்தில் ராஜேந்திரபூர், நேபாளத்தில் பாஞ்ச்கால், இலங்கையில் குக்குலேகங்கை. டெல்லி மையத்தில் 2015 முதல் பெண் அதிகாரிகளுக்கென்று தனி வகுப்பும் நடக்கிறது. பாடத்திட்டத்தை ஐ.நா. கொடுக்கிறது. சொல்லித்தருவது அந்தந்த நாட்டின் பொறுப்பு. தரம் ஏறி இறங்குவது இதனால்தான்.

சரி, நம் அமைதிப்படைக்கு வருகிறேன். அது ஐ.நா. படை இல்லை. 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் போட்ட ஒப்பந்தத்தின் பேரில் போனது. புலிகள் அதில் கையெழுத்திடவில்லை. ஆயுதங்களை வாங்கி வைக்கப் போன படை அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் முழுப் போரில் இறங்கியது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் திரும்புவதற்குள் நம் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். இதற்குப் பயிற்சி இல்லாததுதான் காரணம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அமைதிப் பணிக்கு மூன்று கால்கள் என்பார்கள்: சம்பந்தப்பட்ட தரப்புகளின் சம்மதம், பக்கம் சாயாமை, தற்காப்புக்கும் கொடுத்த பணியைக் காப்பதற்கும் தவிர பலத்தைப் பயன்படுத்தாமை. இரண்டே மாதத்தில் அங்கே மூன்றும் போய்விட்டன. அப்புறம் அதைப் போர் என்றுதான் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் சுடக்கூடாது என்பதை அறிய எந்த சிப்பாய்க்கும் ஐ.நா. பாடத்திட்டம் தேவையில்லை.

வகுப்பால் முடியாத காரியங்கள் இன்னும் உண்டு. ஹெய்டிக்குப் போன இலங்கைப் படையினரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாலியல் சுரண்டல் புகாரில் 2007இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கும் ஒழுக்க விதிகளைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். குற்றம் செய்தவனைத் தண்டிக்கும் அதிகாரம் ஐ.நா.விடம் இல்லை, அவனுடைய நாட்டிடம்தான் இருக்கிறது. ஊருக்குப் போனால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தவனுக்கு எத்தனை மணி நேரம் வகுப்பெடுத்து என்ன?

அதைவிடச் சிக்கலானது தலைநகரத்து போன். களத்தில் ஐ.நா. தளபதி ஓர் உத்தரவு போடுவார். படைப்பிரிவின் அதிகாரி ‘யெஸ் சார்’ என்று சொல்லிவிட்டுத் தன் நாட்டுத் தலைநகரத்துக்கு போன் போடுவார். நம் ஆட்கள் சாகக்கூடாது என்று அங்கிருந்து பதில் வரும். தணிக்கை அறிக்கை இதையும் சொன்னது. போஸ்னியாவின் ஸ்ரேப்ரெனிகாவில் 1995 ஜூலையில் ஐ.நா. படையாக இருந்த டச்சுக்காரர்கள் பயிற்சியில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆள் குறைவு, ஆயுதம் இலகுவானது, கேட்ட விமானத் தாக்குதல் வேண்டிய அளவில் வரவில்லை. சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் போஸ்னிய செர்பியப் படையால் கொல்லப்பட்டார்கள். 2019இல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம், முகாமுக்குள் இருந்து வெளியே அனுப்பப்பட்ட 350 பேரின் சாவில் அரசுக்குப் பத்து சதவீதப் பொறுப்பு உண்டு என்றது. பத்து சதவீதம் என்று எப்படித்தான் அளந்தார்களோ.

டாலர் விஷயம். ஒரு சிப்பாய்க்கு மாதம் 1,400 டாலருக்கு மேல் ஐ.நா. கொடுக்கிறது, நாட்டுக்குக் கொடுக்கிறது. சிப்பாய் கைக்கு என்ன வரும் என்பதை அந்தந்த நாடு முடிவு செய்யும். சின்ன நாடுகளுக்கு அது பெரிய வருமானம். இந்தியாவின் ராணுவ பட்ஜெட்டுக்கு அது தூசு. நாம் போவதற்குக் காரணம் பணத்தைவிட மேஜையில் இடம் கேட்கும் ஆசை. அதில் தப்பு இருப்பதாக எனக்குப் படவில்லை. ஆனால் 180 பேருக்கு அருகில் பறிகொடுத்துவிட்டு, தீர்மானம் எழுதும் பாதுகாப்பு கவுன்சிலில் இன்னும் நமக்கு நிரந்தர நாற்காலி இல்லை.

கடைசியாக உங்கள் தங்கைக்கு. பயப்பட ஒன்றுமில்லை என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். 2013 டிசம்பரில் தெற்கு சூடானில் அகோபோ என்ற ஊரில் சுமார் 40 இந்திய வீரர்கள் இருந்த சின்ன முகாமில் டிங்கா மக்கள் கொஞ்சம் பேர் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களைக் கேட்டு ஏறத்தாழ 2,000 பேர் ஆயுதங்களோடு வந்தார்கள். நம் வீரர்கள் இருவர் இறந்தார்கள். இப்படியும் நடக்கும். ஆனால் இதுவரை ஐ.நா. பணியில் இறந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால், தாக்குதலில் போனவர்களைவிட நோயில் போனவர்கள் அதிகம், விபத்தில் போனவர்களும் அதிகம். தெற்கு சூடானில் மழைக்காலத்தில் சாலை என்று ஒன்று இருக்காது, சேறுதான் இருக்கும். மலேரியாவும் தாராளம். சுகாதார வகுப்பைத்தான் பையன்கள் தூங்கிக்கொண்டே கேட்பார்கள். 2010இல் ஹெய்டியில் ஐ.நா. முகாம் ஒன்றின் கழிவு ஆற்றில் கலந்து பரவிய காலராவில் பத்தாயிரம் பேர் அளவில் செத்ததை அவனிடம் சொல்லுங்கள். அதற்கு ஐ.நா. பொதுச் செயலாளர் மன்னிப்புக் கேட்க ஆறு வருடம் ஆயிற்று.

அம்மா சொன்னால் கேட்பான் என்றால் தங்கை மூன்று விஷயம் சொல்லட்டும்: மலேரியா மாத்திரையை நடுவில் நிறுத்தக்கூடாது, கொசுவலை இல்லாமல் படுக்கக்கூடாது, பக்கத்து முகாமுக்குப் போனாலும் சீட் பெல்ட் போட்டுக்கொள்ள வேண்டும். வாசல் பயிற்சியில் அவன் என்ன முடிவெடுத்தான் என்று நீங்கள் கேளுங்கள். சொல்வான் என்றால் எனக்கும் எழுதுங்கள்.