இசைத்தட்டுகளை எப்படி அடுக்குவது? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எல்.பி. தட்டுகள் (பெரிய வினைல் இசைத்தட்டுகள்) 200-க்கு மேல் சேர்ந்துவிட்டன. இடமில்லாததால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்திருக்கிறேன். சரிதானா?

பதில்: முதல் வேலையாக நிமிர்த்தி வையுங்கள். அட்டை உறையோடு ஒரு எல்.பி. ஏறக்குறைய கால் கிலோ இருக்கும். 50 தட்டு அடுக்கினால் அடித்தட்டின் தலையில் 12 கிலோ. இடையில் ஓர் உறை மடங்கியிருந்தாலும் போதும், அந்த இடம் அழுந்தித் தட்டு நெளிந்துவிடும்.

நிறுத்திவைத்தாலும் சாயவிடக் கூடாது. மாதக்கணக்கில் சாய்ந்தே நிற்கும் தட்டு வளையத்தான் செய்யும். 10-15 செ.மீ.க்கு ஒரு தடுப்பு வையுங்கள். தட்டின் உயரம் முழுவதையும் அது தாங்க வேண்டும். புத்தகத்துக்கு முட்டுக் கொடுக்கும் குட்டைத் தடுப்பு இதற்கு உதவாது. ஒரு தட்டை உருவினால் பக்கத்துத் தட்டு கூடவே வரவும் கூடாது, சரியவும் கூடாது. அதுதான் சரியான நெருக்கம். இறுக்கித் திணித்தால் அட்டைப் படத்தில் வட்டத் தழும்பு விழும்.

இன்னொன்று, உங்களுடைய 200 தட்டும் சேர்ந்து 50 கிலோ. முக்கால் மீட்டர் பலகைக்கு அது பெரிய சுமை. நடுவில் தொய்கிறதா என்று குனிந்து பாருங்கள். தொய்ந்தால் அடியில் ஒரு முட்டு கொடுங்கள்.

கேள்வி: கெட்டியான பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்த தட்டில் வெண்மையாக ஏதோ படர்ந்திருக்கிறது. துடைத்தாலும் போகவில்லையே?

பதில்: உறை பி.வி.சி.யாக இருக்கும். தொட்டால் மெத்தென்று, மழைக்கோட்டு வாசனை அடிக்கும். அதை இளக்கமாக வைக்கக் கலந்த வேதிப்பொருள் கசிந்து தட்டின் மேற்பரப்பைத் தாக்குகிறது. வெறும் அழுக்கென்றால் கழுவினால் போகும். இது போகாது, ஓட்டினால் இரைச்சலும் கேட்கும். மற்ற தட்டுகளையாவது இன்றே பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் உறைக்கு மாற்றுங்கள். உள்ளுறையின் வாய் மேல்நோக்கியும், அட்டையின் வாய் பக்கவாட்டிலும் இருந்தால் தூசியும் நுழையாது, தட்டும் நழுவி விழாது. புதுத் தட்டைச் சுற்றி வரும் இறுக்கமான பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்துவிடுங்கள். நாளாக ஆக அது சுருங்கித் தட்டை வளைத்துவிடும்.

கேள்வி: பழைய 78 தட்டுகளில் (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழங்கால இசைத்தட்டுகள்) பூஞ்சை. எல்.பி. துடைக்கும் ஆல்கஹால் கலவையையே பயன்படுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. பெரும்பாலான 78 தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. அரக்கு ஆல்கஹாலில் கரையும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, மென்மையான தூரிகையால் பள்ளங்களின் போக்கிலேயே பூஞ்சையைத் தட்டிவிடுங்கள். பிறகு ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் வாசனையில்லாத திரவ சோப்பு இரண்டு மூன்று சொட்டு விட்டு, துணியை நனைத்துப் பிழிந்து துடைக்கலாம். அதன்பின் வெறும் நீரால் ஒருமுறை துடைத்து, நிமிர்த்தி உலரவிடுங்கள். நடு லேபிள் நனையக் கூடாது. விளிம்பு உடைந்து உள்ளே காகித அடுக்கு தெரிந்தால் தண்ணீரே வேண்டாம். பூஞ்சை பிடித்த பழைய காகித உறைக்குள் மறுபடி வைத்தால் பட்ட பாடு வீண். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை தலைகாட்டாது.

கேள்வி: சி.டி.யின் எந்தப் பக்கத்தைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

பதில்: அச்சிட்ட பக்கத்தை. பாட்டு பதிந்த உலோகப் படலம் அந்த அச்சுக்கும் மெல்லிய பூச்சுக்கும் சற்றுக் கீழேதான் இருக்கிறது. பளபளப்பான பக்கத்தில் ஒரு மி.மீ.க்கு மேல் பிளாஸ்டிக் கவசம் உண்டு. அங்கே லேசான கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம். அச்சுப் பக்கம் ஆழமாகக் கீறினால் பாட்டே போய்விடும். அதனால் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். பல சி.டி.கள் அடங்கிய தொகுப்புப் பெட்டிக்குள் வரும் ஸ்பாஞ்சுத் தாளையும் எடுத்துவிடுங்கள். நாளடைவில் அது பிசுபிசுத்துத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.