'சும்மா விசாரணை' என்று அழைத்துப் போனால்: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

விசாரணை முழுவதும் வழக்கறிஞர் பக்கத்தில் உட்காரலாமா? (பண்ருட்டி வாசகர்)

முழு நேரமும் முடியாது. கைதானவர் விசாரணைக்கு இடையே தமக்கு விருப்பமான வழக்கறிஞரைச் சந்திக்கலாம், பி.என்.எஸ்.எஸ். எனும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. வாய்விட்டுக் கேளுங்கள்.

தம்பியைப் பிடித்துவிட்டார்கள். என்ன செய்வது? (ஊர் குறிப்பிடவில்லை)

எந்தக் காவல் நிலையம், என்ன பிரிவு, எத்தனை மணிக்கு? மூன்றில் ஒன்றுகூட எழுதாமல் கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? முதலில் நேரத்தைக் குறித்து வையுங்கள்.

மகனை வியாழன் இரவு 'சும்மா விசாரணை' என்று அழைத்துப் போனார்கள். சனிக்கிழமை காலை வரை விடவில்லை. கைதே செய்யவில்லை, அதனால் 24 மணி நேரக் கணக்கு கிடையாது என்கிறார்கள். (நெல்லிக்குப்பம், ஒரு தாய்)

அம்மா, இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போக முடியாது என்று ஆன நிமிடமே அது காவல். ஏட்டில் எப்போது எழுதினார்கள் என்பது அவர்கள் வசதி. 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. பயண நேரத்தை மட்டுமே கழிக்கலாம். உங்கள் ஊரிலிருந்து நீதிமன்றத்துக்குப் பண்ருட்டி போனாலும் கடலூர் மஞ்சக்குப்பம் போனாலும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். அரை மணி நேரம். விடுமுறை நாள் என்றால் நடுவர் வீட்டில் நிறுத்தலாம்.

நம் கடலூர் மாவட்டத்துக்கு இது புதிதும் அல்ல. முதனை கிராமத்து ராசாக்கண்ணுவை 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு விசாரணைக்குக் கொண்டுபோனார்கள்; பிறகு தப்பி ஓடிவிட்டார் என்றார்கள். அவர் மனைவி விடாமல் உயர் நீதிமன்றம் வரை போனதால்தான் காவலில் நடந்த கொலை வெளியே வந்தது.

இனி இப்படி நடந்தால் விடியும்வரை வாசலில் காத்திருக்காதீர்கள். அழைத்துப் போன நேரம், வந்தவர்கள், வண்டி எண் ஆகியவற்றை எழுதி எஸ்.பி.க்கும் நடுவருக்கும் அன்றே புகார் அனுப்புங்கள். ஆள் இருக்கும் இடமே தெரியவில்லை என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு போடுங்கள். வெற்றுத் தாளில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடக் கூடாது. மகனும் போடக் கூடாது, நீங்களும் போடக் கூடாது.

வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லை. (காலாப்பட்டு)

காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆவது பிரிவு. 15100-ஐ அழையுங்கள். முதல்முறை ரிமாண்டுக்கு (காவலில் வைக்க உத்தரவு கேட்டு) கொண்டுபோகும்போதே 'எனக்கு வழக்கறிஞர் இல்லை' என்று நடுவரிடம் சொல்ல வேண்டும்.

புதுச்சேரியில் வாங்கிய பாட்டில்களோடு ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் அண்ணன் பிடிபட்டார். வழக்கறிஞர் எந்த ஊர்? (முத்தியால்பேட்டை)

பிடிபட்டது தமிழ்நாட்டில், வழக்கும் கடலூரில். புதுச்சேரி வழக்கறிஞரே வந்து வாதாடலாம். பாட்டில் எண்ணிக்கை எழுதாத மகஜரில் (கைப்பற்றியதைக் குறிக்கும் பத்திரத்தில்) அண்ணன் கையெழுத்துப் போட வேண்டாம்.

சாட்சி சொல்ல என் அம்மாவை நிலையத்துக்கு வரச் சொல்கிறார்கள். (திருப்பாதிரிப்புலியூர்)

பெண்ணை எந்த வயதிலும் சாட்சி விசாரணைக்கு நிலையத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு வந்து விசாரிக்கட்டும். வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதி வையுங்கள்.