டின்னரில் இரவு எங்கே இருக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: 'டின்னர்' என்ற சொல்லுக்கு மூலம் எது?

பதில்: லத்தீனில் 'யேயூனுஸ்' என்றால் வெறும் வயிற்றோடு இருப்பவர். அதன் அடியாகப் பிறந்த வினைக்கு முன்னால் 'டிஸ்' சேர்ந்தால், பட்டினியை முடித்தல். ஏகாதசி விரதக்காரர் மறுநாள் செய்யும் பாரணை என்று வைத்துக்கொள்ளுங்கள். நோன்பு திறப்பு என்றாலும் சரி. 'டிஸ்யேயூனாரே' என்ற அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை. பேச்சில் இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்து, அகராதிகள் அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி போடும். பழைய பிரெஞ்சில் 'டிஸ்னேர்' என்று தேய்ந்து, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. இரவு என்ற பொருள் அதில் துளியும் இல்லை.

கேள்வி: அப்படியானால் பிரேக்ஃபாஸ்டும் டின்னரும் ஒன்றா?

பதில்: சொற்பொருளில் ஒன்றேதான்! பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் குழப்பினார்கள். அதே லத்தீன் வினை அங்கே 'டினே', 'டெஜூனே' என்று இரண்டாகப் பிரிந்தது. பாரிஸில் டெஜூனே இன்று மதிய உணவு. காலை உணவுக்கு 'சின்ன டெஜூனே' என்று பெயர். கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக்கிலோ டெஜூனே இன்றும் காலையில்தான்.

கேள்வி: கடைசியில் வரும் 'அர்', ரன்னரில் வருவது போலவா?

பதில்: இல்லை. அது பிரெஞ்சு வினையின் விகுதி. இரவு உணவைக் குறிக்கும் 'சப்பர்' என்ற சொல்லிலும் அதுவே.

கேள்வி: வடக்கு இங்கிலாந்தில் ஒரு வீட்டில் ஞாயிறு டின்னருக்கு அழைத்தார்கள். இரவு ஏழு மணிக்குப் போய் நின்றேன். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். தவறு யாருடையது?

பதில்: யாருடையதும் அல்ல, ஐயா. டின்னர் என்பது நாளின் பெரிய சாப்பாடு. இடைக்கால இங்கிலாந்தில் அது நடுப்பகலில் நடந்தது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் செல்வர் வீடுகளில் மெல்ல மெல்ல மாலைக்கு நகர்ந்தது; நடுவில் விழுந்த பசிக்கு லஞ்ச் வந்தது. உழைக்கும் மக்கள், குறிப்பாக வடக்கே, பழைய நேரத்தை விடவில்லை. பள்ளியில் மதியச் சோறு பரிமாறும் அம்மாவுக்கு அங்கே 'டின்னர் லேடி' என்றுதான் பெயர். அடுத்த முறை மணியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மருத்துவம் படிக்கிறேன். சிறுகுடலின் நடுப்பகுதியான ஜெஜூனத்துக்கும் இந்த 'யேயூனுஸ்' சொல்லுக்கும் உறவு உண்டா?

பதில்: நேரடி உறவு, அம்மா. உடலை அறுத்துப் பார்த்த பழங்கால மருத்துவர்களுக்கு அந்தப் பகுதி பெரும்பாலும் காலியாகவே தென்பட்டது. கிரேக்கர்கள் அதைப் 'பட்டினி' என்று அழைத்தார்கள். லத்தீனில் அப்படியே பெயர்த்தார்கள். சாப்பிட்ட டின்னரெல்லாம் அந்தப் பட்டினிக் குடல் வழியாகத்தான் போகிறது.