மீட்டிங் நாளில் மட்டும் வயிறு ஏன் கலக்குகிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம். மனசு பதறினால் வயிறு கெடுகிறது, வயிறு கெட்டால் மனசு பதறுகிறது. குடல் மருத்துவராக எனக்கு இதில் சொல்ல நிறைய இருப்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 31. மீட்டிங் இருக்கிற நாளில் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் மூன்று நான்கு தடவை டாய்லெட் போகிறேன். பயத்தில் மதியம் வரை எதுவும் சாப்பிடுவதில்லை. வழியில் எங்கெங்கே டாய்லெட் இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். ரத்தம், மலம், ஸ்கேன், கொலோனோஸ்கோபி எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல். “உங்களுக்கு ஒன்றுமில்லை, மனப்பிரமை” என்று அனுப்பிவிட்டார்கள். இது வயிற்று நோயா, மன நோயா?

பதில்: விடுமுறை நாளில் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. என் எதிரே உட்கார்ந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பேன். “அன்றைக்கு ஒரே தடவைதான் டாக்டர்” என்பார்கள் பலரும். சொல்லிவிட்டுத் தாங்களே கொஞ்சம் சிரித்துக்கொள்வார்கள்.

உங்களுக்கு ‘ஒன்றுமில்லை’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்கேனும் கொலோனோஸ்கோபியும் புண், கட்டி, வீக்கம் இருக்கிறதா என்று காட்டும். குடல் எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு சீக்கிரம் சிணுங்குகிறது என்பதெல்லாம் அதில் தெரியாது. 1973-ல் ஒரு ஆய்வு வெளியானது. குடலின் கடைசிப் பகுதியில் ஒரு சின்ன பலூனை வைத்துக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தார்கள். மற்றவர்கள் பேசாமல் படுத்திருந்த அளவிலேயே, இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் எனப்படும் ஐ.பி.எஸ். உள்ளவர்களில் பலர் வலிக்கிறது என்றார்கள். அவர்கள் நடிக்கவில்லை. அவர்களுடைய குடல் நரம்புகளுக்கு உணர்ச்சி கூடுதல். உங்களுக்கு இருப்பதும் ஐ.பி.எஸ். போலத்தான் தெரிகிறது. வலி உண்டா, போய் வந்தால் குறைகிறதா என்று எழுதாததால் முத்திரை குத்தாமல் விடுகிறேன்.

வயிறா மனசா என்று கேட்டீர்கள். இரண்டும்தான். பதற்றம் வந்தவுடன் மூளை சி.ஆர்.எச். என்றொரு ஹார்மோனைச் சுரக்கிறது. இது இரைப்பையை மந்தமாக்கும், பெருங்குடலை விரட்டும். சாப்பாடு தொண்டையில் இறங்காத அதே நேரத்தில் டாய்லெட்டுக்கும் ஓட வேண்டியிருப்பது இதனால்தான். எதிர்த் திசையிலும் போக்குவரத்து உண்டு. குடல் சுவருக்குள் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளைக்கும் வயிற்றுக்கும் இடையே ஓடும் வேகஸ் நரம்பின் இழைகளில் சுமார் 80 சதவீதம் கீழேயிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. அப்படியென்றால் மூளை அதட்டுவதைவிட வயிறு முறையிடுவதுதான் அதிகம்.

இது இன்று நேற்று தெரிந்த சங்கதியும் இல்லை. 1822-ல் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்கிற இளைஞருக்குத் தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார், இரைப்பையில் விழுந்த துளை மட்டும் மூடவே இல்லை. வைத்தியம் பார்த்த வில்லியம் போமான்ட் என்ற ராணுவ மருத்துவர் அந்தத் துளை வழியே உணவு செரிப்பதை வருடக்கணக்கில் பார்த்துக் குறித்துவைத்து, 1833-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார். அந்த மனிதருக்குக் கோபம் வந்தபோதெல்லாம் செரிமானம் கெட்டதும் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. நூல் கட்டித் துளைக்குள் உணவுத் துண்டுகளை இறக்கி இறக்கி எடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது!

சரி, உங்கள் காலைப் பொழுதுக்கு வருவோம். இங்கே மீட்டிங்கைவிடப் பெரிய வில்லன், வயிற்றை நீங்கள் கண்காணிக்கிற விதம். எழுந்ததிலிருந்து “இப்போது வருமா, அப்புறம் வருமா” என்று விசாரணை. கவனம் அங்கேயே நின்றால் சாதாரண அசைவும் அபாய மணியாகக் கேட்கும். பதற்றம் ஏறும், குடல் இன்னும் வேகமாக ஓடும். பட்டினியும் உதவாது. மதியம் வரை காலியாக வைத்துவிட்டு ஒரேயடியாகச் சாப்பிட்டால், வயிறு நிறைந்ததும் பெருங்குடல் அசைய வேண்டும் என்கிற இயற்கையான அனிச்சைச் செயல் அலுவலகத்தில், மீட்டிங்குக்கு நடுவில் வந்து நிற்கும்.

அதே அனிச்சைச் செயலை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். இது காலையில்தான் பலமாக இருக்கும். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே எழுந்து, அளவாக ஏதாவது சாப்பிட்டு, அவசரப்படாமல் ஒரு தடவை போய்வாருங்கள். அதன் பிறகு ‘எதற்கும் இன்னொரு தடவை’ என்று போகிறீர்களே, அதுதான் நிறுத்த வேண்டியது. முதல் வாரம் பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள், பிறகு இருபது. பெரும்பாலும் அந்த உந்துதல் அலை மாதிரி ஏறி இறங்கிவிடும். காபி பெருங்குடலை நேரடியாகத் தூண்டும், பதற்றத்தையும் கூட்டும். மீட்டிங் நாளில் அதை மதியத்துக்கு மாற்றுங்கள். சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்லும் பழக்கம் உண்டா? அதிலிருக்கும் சார்பிட்டால் வயிற்றை இளக்கும்.

மனப்பாடமாக வைத்திருக்கும் டாய்லெட் வரைபடத்தை ஒரே நாளில் கிழித்துப்போடச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஓர் இடத்தை அடித்துவிடுங்கள். போகிற வழியில் வயிறு கலக்கினால், மூச்சை நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள், தோள் உயரக் கூடாது, வயிறு அசைய வேண்டும். சில நிமிடங்கள் செய்தால் இதயத் துடிப்பு இறங்குவது உங்களுக்கே தெரியும். வேகஸ் நரம்பின் வேலைதான் அது.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் வழி இருக்கிறது. குடலைக் குறிவைத்துச் செய்யும் ஹிப்னோதெரபி என்கிற அறிதுயில் சிகிச்சைக்கு 1984-லேயே மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழு நல்ல பலன் காட்டியது. சி.பி.டி. எனப்படும் மனப் பயிற்சியும் ஐ.பி.எஸ்.ஸில் கைகொடுக்கிறது. மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் மாத்திரை மிகக் குறைந்த அளவிலேயே பலருக்கு வேலை செய்கிறது. உங்களைக் கவனிக்கும் மருத்துவரிடம் கேளுங்கள், ‘மனநோய் மாத்திரையா’ என்று மிரள வேண்டாம். அது குடல் நரம்பின் கூச்சத்தைத்தான் தணிக்கிறது.

ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், ரத்தசோகை, இதில் ஒன்று வந்தாலும் நான் மேலே எழுதியதையெல்லாம் மூடி வைத்துவிட்டு மறுபடியும் மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று, தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தே வரும். உங்கள் ரத்தப் பரிசோதனையில் அதுவும் இருந்ததா என்று ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.

கேள்வி: உடம்பிலுள்ள செரோடோனினில் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அப்படியானால் பதற்றத்துக்கு நான் சாப்பிடும் மாத்திரையை நிறுத்திவிட்டு ப்ரோபயாடிக் கேப்ஸ்யூல் சாப்பிடலாமா? ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டேன். — வாசகி, வயது 44

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

செரோடோனின் என்பது நரம்புகளுக்கிடையே செய்தி கொண்டுபோகும் ரசாயனம். 90 சதவீதக் கணக்கு சரிதான். ஆனால் குடலில் உருவாகும் செரோடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது, நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. குடல் செரோடோனின் பார்ப்பது வேறு வேலை, முக்கியமாகக் குடலை அசைய வைப்பது. வீடியோக்காரர்கள் முதல் பாதியைச் சொல்லிவிட்டு, இரண்டாம் பாதிக்கு வரும்போது கேப்ஸ்யூல் விற்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

ப்ரோபயாடிக் கேப்ஸ்யூலில் இருப்பது குடலுக்கு நல்லது என்று சொல்லப்படும் கிருமிகள். கிருமிகளுக்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லவில்லை. 2004-ல் ஜப்பானில், குடலில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு நெருக்கடி கொடுத்துப் பார்த்தார்கள். மற்ற எலிகளைவிட அவற்றுக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் எகிறியது. 2011-ல் லாக்டோபேசில்லஸ் என்கிற கிருமியில் ஒரு வகையைக் கொடுத்த எலிகளின் பயம் குறைந்தது, வேகஸ் நரம்பை வெட்டியதும் அந்தப் பலன் போய்விட்டது. எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். பிறகு அதே வகையை ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-ல் முடிவு வந்தது, வெறும் போலி மாத்திரையைவிட எந்தப் பலனும் இல்லை. எலிக்கு மருந்து கண்டுபிடிப்பதில் நாம் கெட்டிக்காரர்கள்.

வாங்கியதைத் தூக்கிப் போட வேண்டாம். நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எதுவும் சாப்பிடவில்லை என்றால், மாத்திரையோடு கூடவே நான்கு வாரம் சாப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் இரண்டாவது பாட்டில் வாங்காதீர்கள்.

கேள்வி: மனநல மருத்துவர் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரை தொடங்கி ஐந்து நாள். குமட்டல், இளக்கமாகப் போகிறது. ஒத்துக்கொள்ளவில்லையோ?

பதில்: எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்பவை செரோடோனினின் வேலையைக் கூட்டும் மாத்திரைகள். மேலே சொன்ன குடல் செரோடோனினில்தான் மாத்திரை முதலில் கைவைக்கிறது. பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். மனசுக்கான பலன் வர அதைவிட நாளாகும் என்பதால், தொல்லை முதலில், நன்மை பிறகு என்கிற மோசமான வரிசை. பலரும் மாத்திரையைக் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். சாப்பிட்ட பிறகு போடுங்கள். தாங்க முடியவில்லை என்றால் எழுதிக்கொடுத்தவரிடமே சொல்லுங்கள், அளவைக் குறைத்துத் தொடங்க முடியும்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. பள்ளி நாட்களில் காலையில் வயிற்று வலி என்று சுருண்டுவிடுகிறாள். மருத்துவர் பரிசோதித்துவிட்டு நோய் இல்லை என்கிறார். “நடிக்கிறாள்” என்கிறார் அவள் அப்பா. நான் என்ன செய்வது டாக்டர்?

பதில்: நடிப்பு இல்லை, வலி நிஜம். அதை அவள் காதில் விழும்படி அப்பாவிடம் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

அடுத்து சொல்வது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இப்படி வலி வருகிற குழந்தைகளுக்கு வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள். ஒரு பகுதிப் பெற்றோர், “ரொம்ப வலிக்கிறதா கண்ணு” என்கிற மாதிரி அதையே பேசினார்கள். இன்னொரு பகுதியினர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள். அதையே பேசிய வீட்டில் குழந்தைகளின் முறையீடு ஏறக்குறைய இரண்டு மடங்கானது, பேச்சை மாற்றிய இடத்தில் பாதியாகக் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், கவனத்தைத் திருப்பினால் பிள்ளைக்குக் கெடுதல் என்று பெற்றோர் நினைத்தார்கள். பிள்ளைகளோ, அதுதான் தங்களுக்கு நல்லதாக இருந்தது என்றார்கள்.

எனவே எழுந்ததும் “இன்றைக்கு வயிறு எப்படி?” என்று கேட்காதீர்கள். அவளாகச் சொன்னால், “தெரியும் கண்ணு, வலிக்கும், கொஞ்ச நேரத்தில் குறையும்” என்று ஒரு வரி. அப்புறம் தலை பின்னுவது, பை எடுத்து வைப்பது. பள்ளிக்கு அனுப்புங்கள், பாதி நாளாவது. வீட்டில் நிறுத்தினால் மறுநாள் காலை இன்னும் கனமாகும். வலிக்காத ஒரு மாலையில், வகுப்பில் யார் பக்கத்தில் உட்காருகிறாள், இடைவேளையில் யாரோடு விளையாடுகிறாள் என்று சாவகாசமாகப் பேசுங்கள். பள்ளியில் அவளை யாராவது மிரட்டுகிறார்களா என்பது அதில்தான் வெளிவரும். வளர்ச்சி குறைவது, வாந்தி, ரத்தம், இரவில் வலியால் எழுவது இருந்தால் மறுபடியும் மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி: மனசு அமைதியாக இருக்க என்ன சாப்பிட வேண்டும்? பட்டியல் தாருங்கள்.

பதில்: பட்டியல் தர மாட்டேன். கொடுத்தால் அதில் இல்லாததைச் சாப்பிட்டதற்கு ஒரு பதற்றம் வரும். 2017-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றை மட்டும் சொல்கிறேன். மனச்சோர்வு உள்ள 67 பேர், 12 வாரம். காய்கறி, பழம், பயறு, முழு தானியம், மீன் எனச் சாப்பாட்டைச் சீராக்கியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நீங்கியது. பேச்சுத் துணை மட்டும் கிடைத்த குழுவில் இது 8 சதவீதம். ஆள் குறைவு, அதனால் ஆகா ஓகோ என்று கொண்டாடவில்லை. ஆனால் இவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே எடுத்துவந்த சிகிச்சையை விட்டுவிடவில்லை. சாப்பாடு சிகிச்சைக்குத் துணை வந்தது, அவ்வளவுதான்.

நார்ச்சத்து நாளைக்கு 25 கிராமாவது வேண்டும். இன்று பத்து கிராம் சாப்பிடுகிறவர் நாளையே 25-க்குத் தாவினால் காற்று பிடித்து வயிறு உப்பி, ‘எனக்கு ஆகாது’ என்று முடிவு கட்டிவிடுவார். சில வாரங்களில் மெதுவாக ஏற்றுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள்.

கேள்வி: மலத்தை அனுப்பினால் குடல் கிருமிகளை ஆராய்ந்து ‘மன அமைதி மதிப்பெண்’ தருகிறார்கள். எனக்கு 42 வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: எதற்கு 42? இத்தனை இருந்தால் நலம் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட அளவே கிடையாது. சாப்பாட்டை அடியோடு மாற்றினால் ஓரிரு நாளிலேயே கிருமிக் கூட்டம் மாறிவிடும். அடுத்த வாரம் அனுப்பினால் வேறு எண் வரும். அனுப்பாதீர்கள்.